அவர் கையெழுத்துக்கு மேலே நான் எழுதியது

புதிதாகப் பொறுப்பேற்றிருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

போன மாதம் உங்களில் ஒருவர் எனக்குப் போன் செய்தீர்கள். வட்டாரத் திட்டமிடலையும் போக்குவரத்தையும் மறுபடியும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவரப் போகிறார்கள், முன்பு போலவே இரண்டு தலைவர்கள், இருவருக்கும் சம அதிகாரம், "நீங்கதான் சார் இதுல அனுபவப்பட்டவரு, ஒரு அரை மணி நேரம் வந்து பேசுங்க" என்றீர்கள். முழங்கால் வலி என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். என் முழங்காலுக்கு ஒன்றுமில்லை. தினமும் காலையில் கோச்சடையில் என் வீட்டிலிருந்து வைகைக் கரைவரை நடந்துவிட்டுத்தான் வருகிறேன். மைக்கைப் பிடித்துக்கொண்டு உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

அந்த ஏற்பாடு எப்படி வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நான் திட்டமிடல் பக்கத்து ஆள். எந்த நிலத்தில் வீடு வரலாம், எதில் கடை வரலாம், சாலைக்கு எங்கே இடம் விட வேண்டும் என்று வரைபடத்தில் கோடு போடுகிற வேலை. போக்குவரத்துக்காரர்கள் தனியாக வேறு கட்டடத்தில் இருந்தார்கள். நாங்கள் மனை பிரித்துக் கொடுத்த இடத்துக்குப் பஸ் போகாது. அவர்கள் பஸ் விட்ட இடத்தில் இறங்க ஆள் இருக்காது. இந்தக் கூத்து போதும் என்றுதான் இரண்டு பிரிவையும் சேர்த்து, தலைமையை இரண்டு பேரிடம் கொடுத்தார்கள். எந்த உத்தரவு போனாலும் தாளின் அடியில் இடது பக்கம் என் கையெழுத்து, வலது பக்கம் அவர் கையெழுத்து. ஒன்று இல்லாவிட்டால் அது வெறும் காகிதம்.

அவர் என்றால், போக்குவரத்துப் பக்கத்திலிருந்து வந்த இணைத் தலைவர். மிஷன் பள்ளி ஆசிரியர்கள் இருவரின் மகள். என்னைவிட ஆறேழு வயது இளையவர். பேச்சில் ஒரு சொல் கூடவும் இருக்காது, குறையவும் இருக்காது. அவர் பெயரை எழுதுகிற உரிமை எனக்கு இல்லை. மேடம் என்றுதான் கூப்பிட்டேன், இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

ஒரே அறையில் எதிரெதிராக இரண்டு மேசை. கோப்பைத் தூக்கிக்கொண்டு வரும் சூப்பிரண்டு வாசலில் நின்று, "இன்னைக்கு மதுரையா சிதம்பரமா சார்?" என்று கேட்பார். பெண்ணாட்சியா ஆணாட்சியா என்று வீட்டுக்கு வீடு கேட்கிற அதே கேலிதான். மேடம் தலையை நிமிர்த்தவே மாட்டார். நான் ஒவ்வொரு தடவையும் சிரித்தேன். அந்தச் சிரிப்பையே இப்போது நினைத்துப் பார்க்கப் பிடிக்கவில்லை.

ஆரம்பத்தில் ஒரு தடவை கோச்சடைக்குப் பின்னால் ஒரு மனைப்பிரிவுக்கு நான் ஒப்புதல் எழுதி, அவர் கையெழுத்துக்காக மேசைக்குத் தள்ளினேன். வரைபடம் பார்க்க லட்சணமாக இருந்தது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், பஸ் எங்க திரும்பும்?" என்றார். தெரு முக்கில் என்றேன். "வாங்க, போய்ப் பாப்போம்" என்று எழுந்தே விட்டார். நல்ல உச்சி வெயில். முக்கில் போய் நின்றால் கம்பி வேலி போட்டு ஒரு டிரான்ஸ்பார்மர். ஆட்டோ திரும்பவே இரண்டு தடவை பின்னால் எடுக்க வேண்டும். "உங்க மேப்புல இது இல்ல சார். தெருவுல இருக்கு" என்றார். கேலியாகச் சொல்லவில்லை, தகவலாகத்தான் சொன்னார். எனக்குச் சுள்ளென்று இருந்தது. அன்று ராத்திரி யோசித்தபோது, அந்த இரண்டாவது கையெழுத்து எதற்கு என்று முதல் முறையாக விளங்கியது. அது என்னைத் தடுக்க வந்ததல்ல, நான் பார்க்காததைப் பார்க்க வந்தது. இதை நான் தெரிந்துகொண்டேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். தெரியாமல் செய்தேன் என்று பின்னால் நான் சொல்ல முடியாது.

இனி அந்தத் தாள்களின் கதை.

மேடத்துக்கு அடிக்கடி சென்னையில் கூட்டம் இருக்கும். எனக்கும் வீட்டில் அது இது என்று லீவு வரும். ஒருவர் இல்லாத நாளில் எல்லாக் கோப்பும் அப்படியே நிற்கும். இதற்கு நாங்கள் கண்டுபிடித்த வைத்தியம், வெற்றுத் தாளில் கையெழுத்து. அடியில் கையெழுத்தும் முத்திரையும் மட்டும் போட்ட தாள்கள் சிலவற்றை அவர் என் இழுப்பறையில் வைத்தார். அதேபோல் நான் அவர் இழுப்பறையில் வைத்தேன். அவசரம் என்றால் மேலே உத்தரவைத் தட்டச்சு செய்துகொள்ளலாம். நிபந்தனை இரண்டுதான். இருவரும் ஏற்கனவே பேசி ஒத்துக்கொண்ட விஷயமாக இருக்க வேண்டும், போனில் கேட்ட பிறகே எடுக்க வேண்டும். இரண்டும் வாய்ப்பேச்சில் மட்டும் இருந்தன. எங்களுக்குள் எவ்வளவு பெரிய நம்பிக்கை என்று நாங்களே பெருமைப்பட்டுக்கொண்டோம். அலுவலகமே மெச்சியது.

அவர் அந்த நிபந்தனையை எப்படிக் காப்பாற்றினார் என்று சொல்கிறேன். என் மகளின் பிரசவத்துக்காக நான் ஆஸ்பத்திரியில் நின்றுகொண்டிருந்தபோது போன் வந்தது.

"சார், கொட்டாம்பட்டி பக்கத்து ஊர்களுக்குச் சாயங்கால பஸ். பள்ளிக்கூடம் விட்டு வர்ற பிள்ளைங்களுக்கு. போன வாரம் பேசினோமே. இன்னைக்கே ஆர்டர் போனாத்தான் டெப்போவுல வண்டி ஒதுக்குவாங்க. வாசிக்கவா?"

"நீங்க பாத்தாச் சரிதான் மேடம், போட்டுருங்க."

"முழுசாக் கேளுங்க சார். உங்க கையெழுத்து."

கடைசி வரிவரை வாசித்தார். பின்னால் நர்ஸ் என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது.

இப்போது உங்களுக்குத் தாளும் இல்லை, மையும் இல்லை, எல்லாம் கம்ப்யூட்டரில் என்பீர்கள். டிஜிட்டல் கையெழுத்துக்குப் பென் டிரைவ் மாதிரி ஒரு டோக்கன் கொடுக்கிறார்கள் அல்லவா, அது யார் மேசையில் கிடக்கிறது, அதன் பாஸ்வேர்டு யாருக்கெல்லாம் தெரியும் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். அப்புறம் மேலே படியுங்கள்.

சோழவந்தான் சாலையை அகலப்படுத்தும் வேலை வந்தது. வழியில் வெற்றிலைக் கொடிக்கால்கள் சூழ்ந்த ஓர் ஊர், பெயர் வேண்டாம். ஊர் வாசலிலேயே பஸ் நிற்கும். விடிந்ததும் பெண்கள் வெற்றிலைக் கூடையோடு முதல் பஸ் ஏறி மதுரைக்கு வருவார்கள். சாலை வேலைக்கு அந்த நிறுத்தம் இடைஞ்சலாக இருந்தது. வாய்க்கால் பாலத்துக்கு அந்தப் பக்கம் புறம்போக்கு நிலம் தாராளமாகக் கிடந்தது. நிறுத்தத்தை அங்கே தள்ளிவிட்டால் பஸ் ஒதுங்கி நிற்க இடம், நிழற்குடை, எல்லாம் செய்யலாம். வரைபடத்தில் அது என் யோசனை.

இடம் பார்க்கப் போனபோது ஊர்க்காரர்கள் கூடிவிட்டார்கள். அவர்களில் பேச்சியம்மாள் என்ற பெண், ஐம்பது வயது இருக்கும், தலையில் கூடையோடு என்னை நேராகப் பார்த்துக் கேட்டார்.

"அய்யா, அம்புட்டுத் தூரம் நடக்குறது கூடப் பெருசில்ல. அந்தப் பாலத்தப் பாத்தீகளா? லாரி வந்தா ஒதுங்க எடம் எங்க இருக்கு? தலைல கூடையோட நாங்க என்ன வாய்க்கால்லயா குதிக்கிறது?"

மேடம் நேராகப் பாலத்துக்கு நடந்தார். கைப்பிடிச் சுவரை ஒட்டிக்கொண்டு இந்த முனையிலிருந்து அந்த முனைவரை போனார். ஒரு வேன் கடந்தபோது அவர் சேலை முந்தானை அதன் காற்றில் இழுபட்டதை நான் பார்த்தேன். திரும்பி வந்து, "முதல்ல பாலத்தை ஒட்டி நடைபாதை. அது முடிஞ்ச பிறகுதான் நிறுத்தத்தை மாத்தணும் சார். அதுக்கு முன்னாடி நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார். நான் சரி என்றேன். பேச்சியம்மாள் அவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

கோப்பு என் மேசையிலேயே இருந்தது. நடைபாதைக்கு மதிப்பீடு தயாராக நாளாகும்போல இருந்தது. அதற்குள் மேடத்தின் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போய், ஆபரேஷன் என்று அவர் லீவில் ஊருக்குப் போனார். அவர் போன மூன்றாம் நாள் சென்னையிலிருந்து மேலதிகாரி பேசினார். சாலை வேலையைப் பார்வையிட ஆட்கள் வருகிறார்கள், நிறுத்தம் மாற்றும் உத்தரவு ஏன் இன்னும் போகவில்லை என்று கேட்டார். இணைத் தலைவர் லீவில் இருக்கிறார் என்றேன்.

"ரெண்டு தலை இருந்தா எப்படிய்யா வேலை நடக்கும்? பேசாம ஒருத்தரை மட்டும் வச்சிரலாம்னு இங்க பேச்சு ஓடுது. நாளைக்குள்ள உங்களால ஒரு ஆர்டர் போட முடியுமா, முடியாதா?"

நெருக்கடியில் செய்துவிட்டேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மீதியை இப்போது சொல்கிறேன். அவர் "ஒருத்தர்" என்றதும் அந்த ஒருத்தர் நானாக இருக்க வேண்டும் என்று என் மனம் அந்த நொடியே ஆசைப்பட்டது. "முடியும் சார்" என்றேன்.

மேடத்துக்கு ஒரு தடவை போன் அடித்தேன். எடுக்கவில்லை. ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நிற்கிறவர் எப்படி எடுப்பார்? அவர் எடுக்காததில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. மறுபடி நான் அடிக்கவில்லை. இழுப்பறையைத் திறந்து அவர் தாளில் ஒன்றை எடுத்தேன். நிறுத்தத்தை உடனே மாற்றவும், நடைபாதைப் பணி தனியே பரிசீலிக்கப்படும் என்று மேலே தட்டச்சு செய்து, இடது பக்கம் என் கையெழுத்தையும் போட்டுக் கொடுத்தேன். தனியே பரிசீலிக்கப்படும் என்றால் என்ன பொருள் என்று இந்த வேலையில் ஒரு வருஷம் இருந்தவர்களுக்கே தெரியும்.

சூப்பிரண்டு தாளை வாங்கிப் பார்த்துவிட்டு அன்று மதுரையா சிதம்பரமா என்று கேட்கவில்லை. "மேடத்துக்கிட்டப் பேசியாச்சா சார்?" என்றார்.

"பேசியாச்சு" என்றேன்.

ஒரே வரி எழுதியிருந்தால் போதும். இணைத் தலைவரின் கருத்து வேறாக இருக்கிறது, அவர் வந்த பின் முடிவு செய்யப்படும். அது உத்தரவு அல்ல, வெறும் குறிப்பு; அதற்கு என் இடது பக்கக் கையெழுத்து ஒன்றே போதும், விதியிலும் அதற்கு இடம் இருந்தது. மேலதிகாரி கத்தியிருப்பார். கத்தினால் என்ன, காது செவிடாகிவிடுமா? இரட்டைத் தலைமை என்றால் இருவரும் ஒரே குரலில் பேசுவது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒத்துப்போகாததை ஒத்துப்போகவில்லை என்று தாளில் எழுதி வைப்பதும் தலைமைதான். அதற்குத்தான் முதுகெலும்பு வேண்டும், கோடு போடுவதற்கு வேண்டாம்.

மேடம் திரும்பி வந்த அன்று என்னிடம் முதலில் கேட்டது, "போன் பண்ணியிருந்தீங்களே சார், என்ன விஷயம்?"

"ஒண்ணுமில்ல மேடம். அம்மா எப்படி இருக்காங்கன்னு கேக்கத்தான்."

"ரொம்ப நன்றி சார்" என்றார். அம்மா பிழைத்துக்கொண்டதைச் சொன்னார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். மத்தியானம் சொல்லலாம் என்று நினைத்தேன். மத்தியானம் வந்ததும் நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்து அவர் வேறு வேலையாகச் சோழவந்தான் பக்கம் போனவர், பழைய நிறுத்தத்தில் பலகையைப் பிடுங்கிப் போட்டிருப்பதைப் பார்த்துவிட்டார். வந்தார். கோப்பை எடுத்தார். தன் கையெழுத்தைப் பார்த்தார். மேலே நான் எழுதியிருந்ததை, அன்று எனக்குப் போனில் வாசித்துக் காட்டிய அதே நிதானத்தில், கடைசி வரிவரை படித்தார். கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது கத்தியிருப்பேன்.

"நடைபாதை முடியறவரைக்கும் பழைய இடத்துலயே நிறுத்தச் சொல்லி டெப்போவுக்கு ஒரு லெட்டர் போட்டுருவோம் சார். இன்னைக்கே."

"உடனே மாத்துனா நமக்குள்ள சண்டைன்னு ஆயிரும் மேடம். பார்வையிட வர்றவங்க வந்துட்டுப் போகட்டும். நாலு நாள் பொறுங்க."

"நாலு நாள்தானே?"

"நாலே நாள்."

மூன்றாம் நாள் காலையில், பாலத்தில், செங்கல் ஏற்றிய வேன் ஒன்று பேச்சியம்மாளை இடித்தது. கூடையோடு வாய்க்காலுக்குள் விழுந்தார். வாய்க்காலில் தண்ணீர் இல்லை, கல்தான் இருந்தது. உயிருக்கு ஆபத்தில்லை என்று சூப்பிரண்டு வந்து சொன்னார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அதற்குப் பிறகு அவரால் ஒருநாளும் நேராக நடக்க முடியவில்லை, கூடையும் தூக்க முடியவில்லை.

மேடம் அப்போதே ஆட்டோ பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். என்னையும் கூப்பிட்டார். மேலதிகாரியிடம் பேச வேண்டும் என்று சொல்லி நான் அறையிலேயே இருந்துகொண்டேன். அவர் போன பிறகு பழைய இடத்திலேயே பஸ்ஸை நிறுத்தச் சொல்லிக் கடிதம் எழுதி, அவருடைய இன்னொரு தாளை எடுக்க இழுப்பறைவரை கை போனது. எடுக்கவில்லை. அவர் வரும்வரை காத்திருந்து கையெழுத்து வாங்கினேன். புத்தி வந்த நேரத்தைப் பாருங்கள்.

விசாரணைக்கு வெளியூரிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். எங்கள் இருவரையும் எதிரில் உட்காரவைத்து உத்தரவைக் காட்டினார். மேடத்திடம், "இது உங்க கையெழுத்துதானே?" என்றார்.

மேடம் என்னைப் பார்த்தார். அதிக நேரம் இல்லை, ஒரு மூச்சு விடுகிற நேரம்தான். நான் மேசை விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆமா, என் கையெழுத்துதான்" என்றார்.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "ரெண்டு பேரும் சேர்ந்து எடுத்த முடிவா?"

"ஆமா சார். ரெண்டு கையெழுத்தும் இருக்கே" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "நான் நிலம் சம்பந்தப்பட்டதைத்தான் பார்ப்பேன். பாலம், நடந்து போறவங்க பாதுகாப்பு எல்லாம் போக்குவரத்துப் பக்கம்" என்றேன்.

இந்த வாக்கியத்தை நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வாயிலும் ஒருநாள் இது வரும். கேட்க மிகவும் நியாயமாக இருக்கும். பாராட்டு வரும்போது எல்லாம் நம்முடையது, பழி வரும்போது இது உன் பக்கம் அது என் பக்கம் என்று பிரித்துக்கொண்டால் அது கூட்டுத் தலைமை இல்லை, பாகப்பிரிவினை.

வெளியே வந்ததும் வராந்தாவில் அவரை மறித்து, "வெத்துத்தாள்னு ஏன் மேடம் சொல்லல?" என்று கேட்டேன். கேட்கிற யோக்கியதையைப் பாருங்கள்.

"சொல்லியிருந்தா எந்தெந்த ஆர்டர் வெத்துத்தாள்ல போட்டீங்கன்னு எல்லாத்தையும் தோண்டுவாங்க. கொட்டாம்பட்டி பஸ் ஆர்டர்ல இருக்கறது உங்க வெத்துத்தாள் கையெழுத்து. அது செல்லாதுன்னா மறுநாளே வண்டியை நிறுத்திருவாங்க. அந்தப் பிள்ளைங்க என்ன பண்ணும்? அதோட, வெத்துத்தாள்ல போட்டதும் என் தப்புதானே. ஆனா நீங்க ஒண்ணு சொல்லுவீங்கன்னு நெனச்சேன் சார். 'மேடம் வேண்டாம்னாங்க, நான்தான் அவசரப்படுத்தினேன்'னு. தாளைப் பத்திப் பேச வேண்டியதே இல்ல. அந்த ஒரு வார்த்தை போதுமே."



பழி அவர் பக்கம் போனது. அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு நின்றது. தூரத்து மாவட்டம் ஒன்றுக்கு மாற்றினார்கள். கிளம்புகிற அன்று என் வெற்றுத் தாள்களை இழுப்பறையிலிருந்து எடுத்து என் மேசையில் வைத்தார். "மூணு இருக்கு சார், சரி பாத்துக்கங்க" என்றார். அவருடைய தாள்களைத் திருப்பிக் கேட்கவில்லை. நானாகவும் கொடுக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று சொல்லலாம், ஆனால் மறக்கவில்லை. எடுத்து நீட்ட வெட்கமாக இருந்தது.

அவருக்குப் பதில் யாரையும் போடவில்லை. நான் ஆசைப்பட்ட மாதிரியே ஒருத்தர் ஆனேன். எதிர் மேசையைத் தூக்கிப் போய்விட்டார்கள். என் ஒரே கையெழுத்தில் பாலத்துக்கு நடைபாதை போட்டேன். நன்றாகவே போட்டோம். அது முடிந்த பிறகு பேச்சியம்மாள் வீட்டுக்கு முதல் தடவையாகப் போனேன். வாசலில் உட்கார்ந்து வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்தார். எழ முயன்றார், வேண்டாம் என்றேன். கடையில் எனக்குக் கலர் சோடா வாங்கிவரும்படி மகளிடம் சொன்னார்.

"அந்தம்மா அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு வந்துச்சுய்யா. என் கையெழுத்துல நடந்ததுதான், மன்னிச்சிருங்கன்னு அதுவே சொல்லுச்சு. வேணாம்னு சொன்ன வாயிதானே, பெறகு எதுக்குப் போட்டன்னு வாய்க்கு வந்தபடி ஏசிப்புட்டேன். நீங்க என்னய்யா செய்வீக? நீங்கதான் நடக்கப் பாதை போட்டுக் குடுத்த மகராசன்."

கலரைக் குடித்தேன். முழுசாகக் குடித்துவிட்டு, வாரேன்மா என்று சொல்லிவிட்டு வந்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த ஈனமான காரியம் எது என்று கேட்டால், அந்தத் தாளில் எழுதியதைச் சொல்ல மாட்டேன். அந்தக் கலரைக் குடித்ததைத்தான் சொல்வேன்.

பிறகு ஓய்வு பெற்றேன். மாலை போட்டார்கள். கூட்டு நிர்வாகத்தின் முன்னோடி என்று ஒருவர் மேடையில் பேசினார். நான் கும்பிட்டேன்.

உங்கள் போன் வந்த அன்று பழைய பெட்டியைத் திறந்தேன். மேடம் திருப்பிக் கொடுத்த என் மூன்று தாள்களும் இருந்தன. அடியில் என் கையெழுத்தும் முத்திரையும், மேலே ஒன்றுமில்லை. ஒன்றை எடுத்து, நடந்ததை நடந்தபடி எழுதினேன். மேடம் மறுத்ததை, நான் அவரைக் கேட்காமல் அவர் கையெழுத்தைப் பயன்படுத்தியதை, விசாரணையில் பொய் சொன்னதை. கொட்டாம்பட்டி பஸ்களுக்குப் பின்னால் முறையான உத்தரவு போட்டாகிவிட்டது, அவற்றுக்கு இனி ஆபத்தில்லை. ஆபத்து நீங்கிப் பல நாளாயிற்று, நான்தான் வாயைத் திறக்கவில்லை. புதிதாகக் கையெழுத்துப் போட வேண்டியிருக்கவில்லை. முத்திரைதான் இப்போது செல்லாது, அதன் மேல் மட்டும் குறுக்கே கோடு போட்டுவிட்டேன். மூலம் துறைக்கும், நகல் ஒன்று மேடத்துக்கும் தபாலில் சேர்த்தேன். மேடத்தின் உறையில், என்னிடம் மிச்சமிருந்த அவருடைய இரண்டு வெற்றுத் தாள்களையும் வைத்தேன். இதைப் படித்த பிறகும் நான் வந்து பேச வேண்டும் என்று தோன்றினால் கூப்பிடுங்கள், வருகிறேன்.

தபால் ஆபீசிலிருந்து நேராகப் பேச்சியம்மாள் ஊருக்குப் பஸ் ஏறினேன். தாளில் எழுதியதை அவர் படிக்கப்போவதில்லை, அவரிடம் வாயால்தான் சொல்ல வேண்டும். என்னைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டு, காப்பி கொடுத்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அடுக்கிக்கொண்டிருந்த வெற்றிலையைக் கையில் வைத்தபடியே கேட்டார்.

"அப்ப அந்தம்மாவ நான் சும்மாவா ஏசுனேன்?" என்றார்.

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"ஆஸ்பத்திரிக் கட்டில்ல கெடந்துக்கிட்டு, ஒன் வீட்டுலயும் ஒரு பொம்பள இப்புடிக் கெடக்கணும்டின்னு சொன்னேன்யா. அவுக ஆத்தா அப்பத்தான் ஆபரேசன் பண்ணிக் கெடந்தாகளாம். நர்சம்மா பெறகுதான் சொன்னாக." வெற்றிலையைத் தட்டில் போட்டார். "எம்புட்டு வருசம்யா... ஒங்களுக்கு வாயி எங்க போச்சு?"

நான் எழுந்தேன்.

"உக்காருங்க. அந்தம்மா நம்பரு இருக்கா?"

இருந்தது. அவர் மாற்றலாகிப் போன நாளிலிருந்து ஒரு தடவையும் அடிக்காத நம்பர். அடித்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.

"சொல்லுங்க சார். நல்லா இருக்கீங்களா?"

"மேடம், பேச்சியம்மாள் வீட்ல இருந்து..." என்று ஆரம்பித்தேன். பேச்சியம்மாள் கையை நீட்டி என் கையிலிருந்த போனை வாங்கிக்கொண்டார். "நீங்க பேச வேணாம். நான் பேசுறேன், நீங்க வெளிய நில்லுங்க" என்றார்.

வெளியே வந்து தெருவில் நின்றேன். உள்ளே அவர் அழுதுகொண்டே பேசுவது கேட்டது. கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நிறைய நேரம் இருந்தது. போனைத் திருப்பிக் கேட்கத் தைரியம் வராமல் அப்படியே நின்றுகொண்டிருந்தேன்.